பழைய தெளிப்பான் மக்கர் செய்கிறதா? தோண்டும் முன் அறிகுறியைப் பாருங்கள்

வீட்டோடு சேர்ந்து கைக்கு வரும் பழைய தெளிப்பான் அமைப்புக்குப் பெரும்பாலும் வரைபடம் எதுவும் இருக்காது. எந்தக் குழாய் எங்கே போகிறது, வால்வு எத்தனை, எந்தப் புதருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, எதுவும் தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் ஒழுங்காக ஓடியிருக்கும். அப்புறம் ஒரு கோடையில் ஒரு மூலை காயும், இன்னொரு மூலை சேறாகும், பார்க்க வருகிறவர் "எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம்" என்பார். தயவுசெய்து உடனே தலையாட்டிவிடாதீர்கள். வெயில் படாமல் மண்ணுக்குள் கிடக்கும் பிவிசி குழாய் அவ்வளவு லேசில் கெடாது. கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில்தான்: ஒயர்களை முறுக்கிச் சேர்த்த இடம், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம், தெளிப்பானின் தலைப்பகுதி. மூன்றுமே கைக்கு எட்டுபவை, தனித்தனியாக மாற்றக்கூடியவை.

வேலையைத் தொடங்கும் முன் வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிக் கோளாறு அதிலேயே விளங்கிவிடும். வால்வை மூடிப் பிடித்திருப்பது முக்கியமாகத் தண்ணீரின் அழுத்தமே. டயஃப்ரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும் (சில மாடல்களில் அது வால்வின் உடம்பிலேயே இருக்கும்). அதன் வழியாகத் தண்ணீர் மேல் அறைக்குப் போய் நிரம்பி, டயஃப்ரத்தை மேலிருந்து அமுக்கி மூடுகிறது. கன்ட்ரோலர் (வைத்த நேரத்துக்கு வால்வுகளைத் திறந்து மூடும் பெட்டி) 24 வோல்ட் ஏசி மின்சாரம் அனுப்பும்போது, வால்வின் மேல் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுருளுக்குள் இருக்கும் சிறு இரும்புத் தண்டு மேலே எழும்பி, மேல் அறைத் தண்ணீர் வெளியேற வழி விடுகிறது. மேலே அழுத்தம் குறைந்ததும் கீழே காத்திருக்கும் தண்ணீர் டயஃப்ரத்தைத் தூக்கிக்கொண்டு பாய்கிறது. ஆகவே வெளியேறும் வழி அடைபட்டால் வால்வு திறக்காது, உள்ளே வரும் ஊசித்துளை அடைபட்டால் மூடாது, டயஃப்ரம் கிழிந்தாலும் மூடாது.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், சின்ன மண்வெட்டி, ஒரு வாளி, மண்ணில் குத்தி அடையாளம் வைக்கக் கொஞ்சம் குச்சிகள் இருந்தால் போதும். முதலில் ஒவ்வொரு ஸோனையும் (ஒரே வால்வில் ஓடும் தெளிப்பான்களின் கூட்டம்) இரண்டு நிமிடம் கையால் ஓடவிட்டுக் கூடவே நடந்து பாருங்கள். எது எழும்பவில்லை, எது சாய்ந்திருக்கிறது, எது நடைபாதையை நனைக்கிறது என்று குச்சி குத்திக்கொண்டே போய், ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த ஒரு நடையைத் தவிர்த்துவிட்டு நேராகத் தோண்டப் போகிறவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாகிறது.

ஒரு ஸோன் மட்டும் திறக்கவே இல்லை

பழைய அமைப்புகளில் அடிக்கடி வருவது இதுதான், இதில்தான் ஆட்கள் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள். முதல் சோதனைக்கு மின்சாரமே வேண்டாம். வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து, சோலனாய்டை இடப்பக்கமாகக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள், அல்லது வால்வின் மேல் இருக்கும் சிறிய கசிவுத் திருகைத் தளர்த்துங்கள். தண்ணீர் பாய்ந்து தெளிப்பான்கள் எழும்பினால் குழாய் நன்றாக இருக்கிறது, டயஃப்ரமும் நன்றாக இருக்கிறது, கோளாறு மின்சாரப் பக்கத்தில். எழும்பவில்லை என்றால் தண்ணீர் அங்கே வரவே இல்லை, அல்லது வால்வின் நடுவில் இருக்கும் நீரோட்டத் திருகை யாரோ முழுவதும் இறுக்கி வைத்திருக்கிறார்கள், அல்லது உள்ளே அடைப்பு. அந்த நீரோட்டத் திருகைப் பலரும் கவனிப்பதில்லை. புல் வெட்ட வந்தவரோ, முன்பு குடியிருந்தவரோ எப்போதோ மூடிவிட்டுப் போயிருக்கலாம்.

மின்சாரப் பக்கம் என்று தெரிந்தால் கன்ட்ரோலரிடம் போங்கள். மின் இணைப்பை நிறுத்துங்கள். அந்த ஸோனின் ஒயரையும் பொது ஒயரையும் (பெரும்பாலும் வெள்ளை நிறம்) கழற்றி, இரண்டுக்கும் நடுவே ஓம் அளவு எடுங்கள். நல்ல சோலனாய்டு சுமார் 20 முதல் 60 ஓம் வரை காட்டும். மீட்டரில் அளவே வரவில்லை, திறந்த சுற்று என்று காட்டுகிறது என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது சோலனாய்டுக்குள் சுருள் எரிந்திருக்கிறது. 10 ஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. நூற்றுக்கணக்கில் வந்து நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் ஒயர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மீட்டர் இல்லையா? அப்போதும் வழி இருக்கிறது. ஓடாத ஸோனின் ஒயரைக் கழற்றி, நன்றாக ஓடும் ஸோனின் முனையில் மாட்டி ஓடவிடுங்கள். இப்போது ஓடினால் கன்ட்ரோலரின் அந்த ஒரு முனைதான் செத்திருக்கிறது. காலி முனை ஏதாவது இருந்தால் ஒயரை அதற்கு மாற்றி, புரோகிராமையும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அப்போதும் ஓடவில்லை என்றால் கோளாறு வெளியே மண்ணில்.

மண்ணில் என்றால் அடுத்த அளவு வால்வுப் பெட்டியில். இணைப்பைப் பிரித்து, சோலனாய்டின் இரண்டு ஒயருக்கும் நடுவே நேராக அளந்து பாருங்கள். இங்கே சரியான ஓம் வருகிறது, கன்ட்ரோலரில் வரவில்லை என்றால் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. சமீபத்தில் எங்கே மண்வெட்டி இறங்கியது என்று யோசியுங்கள். மரக்கன்று நட்டீர்களா, வேலிக்குக் கம்பம் ஊன்றினார்களா, யாராவது கேபிள் புதைத்தார்களா? பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கும். ஒரே பெட்டியில் இருக்கும் எல்லா வால்வும் ஒன்றாகச் செத்திருந்தால் பொது ஒயரைச் சந்தேகியுங்கள்; ஒரு பெட்டிவரை எல்லாம் ஓடி அதற்கு அடுத்தது ஓடவில்லை என்றால், அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவில் எங்கோ பொது ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது இரண்டில் ஒன்றில் அதன் இணைப்பு விட்டிருக்கிறது.

இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். கருப்பு டேப்பைச் சுற்றி மண்ணில் விட்ட இணைப்பு நிலைக்காது. ஈரம் உள்ளே போய்ச் செம்பு பச்சையாகி, பிறகு கருப்பாகி, தொட்டால் உதிரும். என் தோட்டத்தில் ஓடாத ஸோனுக்கு வந்து பார்த்த ஒருவர் வால்வையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒயரை இரண்டு அங்குலம் வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, களிம்பு நிரப்பிய நீர்ப்புகா கனெக்டரில் முறுக்கினேன், அந்த வால்வு இன்றுவரை ஓடுகிறது. ஆகவே எந்தப் பெட்டியைத் திறந்தாலும், கோளாறு இருக்கிறதோ இல்லையோ, உள்ளே இருக்கும் பழைய இணைப்புகளை எல்லாம் இந்த வகைக் கனெக்டருக்கு மாற்றிவிடுங்கள். ஒயரை இழுத்துக் கட்டாமல் ஒரு முழம் சுருட்டி விடுங்கள், அடுத்த முறை வெட்டிச் சீவ நீளம் வேண்டும்.

சோலனாய்டே கெட்டிருந்தால் தண்ணீரை மூடிவிட்டு அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கழற்றும்போது உள்ளிருந்து தண்டும் ஸ்பிரிங்கும் நழுவி விழும், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். புதியது அதே மாடலுக்கு உரியதாக இருக்கட்டும், மரை ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

நிறுத்தினாலும் தண்ணீர் நிற்கவில்லை

தண்ணீர் மெயினை மூடுங்கள், பதற்றம் குறையட்டும். அப்புறம் கன்ட்ரோலரில் அந்த ஸோனின் ஒயரைக் கழற்றிவிட்டு மெயினைத் திறங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் கன்ட்ரோலர்தான் மின்சாரத்தை விடாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஒயர் கழன்ற பிறகும் ஓடினால் வால்வுக்குள் கோளாறு. திறப்பதற்கு முன் இரண்டு எளிய விஷயங்களைப் பாருங்கள்: கசிவுத் திருகு தளர்ந்திருக்கிறதா, சோலனாய்டு முழுக்க இறுகியிருக்கிறதா? யாரோ கையால் திறந்துவிட்டு மறந்துபோவது நிறைய நடக்கும்.

இரண்டும் சரியாக இருந்தால் திறக்க வேண்டியதுதான். மூடி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, திருகுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங், அதன் கீழ் டயஃப்ரம். டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுத்துப் பாருங்கள், மடிப்பில் கீறல் இருந்தால் தெரியும். ஊசித்துளையில் மண் இருந்தால் மெல்லிய கம்பியால் மென்மையாகத் தள்ளுங்கள், துளை பெரிதாகிவிடக் கூடாது. டயஃப்ரம் உட்காரும் வட்டத்தை விரலால் தடவுங்கள். ஒரு மணல் துகள் அங்கே மாட்டியிருந்தாலே போதும், வால்வு முழுக்க மூடாமல் இரவெல்லாம் ஒழுகும். வெறும் தண்ணீரில் கழுவுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் எதையும் தடவாதீர்கள், அது ரப்பரை ஊதவைத்துவிடும். மூடுவதற்கு முன் மெயினை ஒரு நொடி லேசாகத் திறந்து, குழாயில் தங்கிய மண்ணை வெளியே தள்ளிவிடுங்கள்.

டயஃப்ரம் போய்விட்டது என்றாலும் வால்வைக் குழாயிலிருந்து வெட்டி எடுக்க வேண்டியதில்லை. உங்கள் மாடல் இன்னும் விற்பனையில் இருந்தால், புதிய வால்வு ஒன்றை வாங்கி அதன் மூடி, டயஃப்ரம், சோலனாய்டு மூன்றையும் எடுத்து மண்ணில் இருக்கும் பழைய உடம்பின் மேல் பொருத்திவிடலாம். பசையும் வேண்டாம், தோண்டலும் வேண்டாம்.

கடைசித் தெளிப்பானைச் சுற்றி எப்போதும் ஈரம்

இதை வால்வு ஒழுகல் என்று எல்லோரும் நினைப்பார்கள், பாதி நேரம் அப்படி இல்லை. ஸோன் நின்ற பிறகு குழாய்க்குள் தங்கிய தண்ணீர் சரிவின் கீழே இருக்கும் தெளிப்பான் வழியாக வடிந்து தீரும். இரண்டையும் பிரித்தறியக் காத்திருந்து பார்த்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வடிந்து நின்றுவிட்டால் வடிகால், அடுத்த நாள் காலையிலும் அதே வேகத்தில் சொட்டினால் வால்வு. வடிகாலுக்கு மருந்து, தாழ்வான இடத்துத் தெளிப்பான்களை அடியில் தடுப்பு வால்வு உள்ளவையாக மாற்றுவது; இரண்டு மூன்று மீட்டர் உயர வேறுபாடுவரை அவை தாங்கும்.

பிரஷர் இல்லை, தண்ணீர் தளர்ந்து விழுகிறது

எல்லா ஸோனிலுமா, ஒன்றில் மட்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் தோட்டத்துப் பக்கமே போகாதீர்கள், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தைப் பாருங்கள். பாதி மூடிய கேட் வால்வு, துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய், அழுக்கேறிய மெயின் ஃபில்டர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பழைய கேட் வால்வில் பிடி முழுக்கத் திறந்த மாதிரி சுற்றும், உள்ளே தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைப் பந்து வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள். எல்லோரும் குளிக்கும் நேரத்தில் ஸோன் ஓடுகிறதா என்றும் பாருங்கள், விடியலுக்கு முன் ஓடவிட்டால் பிரஷரும் கூடும், காற்றும் குறையும்.

ஒரு ஸோனில் மட்டும் என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. நாசில் (தண்ணீர் வெளிவரும் முனை) கழன்று பீறிடும் தெளிப்பான் கண்ணுக்கு உடனே தெரியும். தெரியாதது மண்ணுக்கடியில் வெடித்த குழாய்: அங்கே புல் மட்டும் அதிகப் பச்சையாக இருக்கும், காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். வேர் குழாயை நசுக்குவதும் உண்டு, பத்து வருடத்தில் ஒரு மரம் எவ்வளவு பருக்கும் என்று குழாய் போட்டவர் நினைத்திருக்க மாட்டார்.

கசிவு இருக்கிறதா என்று உறுதி செய்யத் தண்ணீர் மீட்டரே போதும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் கசிவு. தோட்டத்து மெயினை மூடியதும் நின்றால் கசிவு தோட்டத்தில், மூடியும் சுற்றினால் வீட்டுக்குள். சின்னக் கசிவுதானே என்று விட்டுவிடாதீர்கள். 0.8 மி.மீ. துளையில் 4 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் போகும். நாள் முழுக்க அழுத்தம் இருக்கும் மெயின் குழாயில் அது மாதத்துக்கு 20,000 லிட்டரைத் தாண்டும்.

உடைப்பு எதுவும் இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். வாளியைத் தோட்டத்துக் குழாயடியில் வைத்து நிரப்புங்கள். 20 லிட்டர் 40 நொடியில் நிரம்பினால் அந்தக் குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வருகிறது. ஸோனுக்குப் போகும் குழாய் இன்னும் பெரிதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் தோராயக் கணக்குக்கு இது போதும். 4.5 மீட்டர் தூரம் அடிக்கும் சாதாரண ஸ்ப்ரே (சுற்றாமல் விசிறி மாதிரி தெளிக்கும் வகை), முழு வட்டம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் கேட்கும், அரை வட்டம் 7, கால் வட்டம் 3.5. உங்கள் ஸோனில் ஆறு அரை வட்டம் இருந்தால் 42 லிட்டர் வேண்டும், வருவது 30. அதாவது யாரோ வருடக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தெளிப்பான்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஸோனை இரண்டாகப் பிரிக்கலாம், அதைவிட எளிய வழி குறைவாகக் குடிக்கும் நாசில், அது கீழே வருகிறது.

தண்ணீர் புகை மாதிரி பறக்கிறது

இது பிரஷர் அதிகம் என்பதன் அடையாளம். ஸ்ப்ரே நாசிலுக்கு ஏற்ற அழுத்தம் சுமார் 2 பார், அதாவது 30 பிஎஸ்ஐ. அதைவிட மிகவும் அதிகமாகும்போது துளிகள் பொடிந்து பனிப்புகை ஆகி, காற்றோடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்; புல் காயும், பில் மட்டும் ஏறும். வால்வின் நீரோட்டத் திருகைக் கொஞ்சம் இறுக்கினால் ஓரளவு அடங்கும். நிரந்தர வழி, அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெளிப்பான் உடம்புகள்.

எழும்பவில்லை, எழும்பினால் இறங்கவில்லை

பெரும்பாலும் மணல். தண்டைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து, நாசிலைக் கழற்றி, அதன் கீழ் இருக்கும் சின்ன வலையை எடுத்துக் கழுவுங்கள். நாசில் இல்லாமலே ஸோனை அரை நிமிடம் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் மண் வெளியே வந்துவிடும். தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் கொப்பளிக்கும், அப்போது மூடியோடு மாற்றுங்கள்.

இன்னொரு காரணம் தெளிப்பானில் இல்லை, மண்ணில். வருடா வருடம் புல்லும் உரமும் மண்ணும் சேர்ந்து தரை உயர்கிறது, தெளிப்பான் போட்ட இடத்திலேயே நிற்கிறது. 10 செ.மீ. எழும்பும் தண்டு 5 செ.மீ. புல்லுக்குள் புதைந்திருந்தால் தண்ணீர் எதிரே இருக்கும் புல்லில் அடித்து அங்கேயே விழும். சுற்றிலும் தோண்டி, அடியில் ஒரு நீட்டிப்புத் துண்டைச் சேர்த்துத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்து நேராக நிறுத்துங்கள். இத்தனை எளிய வேலை, காய்ந்த திட்டுகளில் நிறையவற்றை இதுவே சரிசெய்துவிடும்.

உங்களிடம் படபடவென்று அடித்துச் சுற்றும் பழைய பித்தளை இம்பாக்ட் தெளிப்பான்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். 1933-இல் கலிபோர்னியாவில் ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தவை அவை, மணல் கலந்த கிணற்றுத் தண்ணீரை இன்றும் தாங்குவது அவைதான். சுற்றாமல் நின்றால் தெளிப்பானின் அடிக்கும் கையில் இருக்கும் ஸ்பிரிங்கையும், அது உட்காரும் குழியில் சேர்ந்த மண்ணையும் பாருங்கள்.

நடுவில் காய்ந்த திட்டு, ஓரத்தில் சேறு

எல்லாம் ஓடுகிறது, எதுவும் உடையவில்லை, ஆனாலும் திட்டுத் திட்டாகக் காய்கிறது. இங்கே கண்ணை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரே அளவு நேர்ச்சுவர் டப்பாக்களைப் பத்துப் பதினைந்து எடுத்து ஸோன் முழுக்கப் பரப்பி வைத்து, 15 நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் தேங்கியது என்று அளங்கள். மிகக் குறைந்த கால் பங்கு டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் பகிர்வு எவ்வளவு சமமாக இருக்கிறது என்று தெரியும். 0.7 வந்தால் நல்லது. 0.5-க்குக் கீழே என்றால் காய்ந்த இடம் பிழைப்பதற்காக மற்ற எல்லா இடத்துக்கும் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடிவரை எட்ட வேண்டும், பாதி தூரத்தில் நின்றால் நடுவில் காயும். ஒரே ஸோனில் ஸ்ப்ரேயும் ரோட்டரும் (சுற்றிக்கொண்டே தாரையாக அடிக்கும் வகை) கலந்திருக்கக் கூடாது: ஸ்ப்ரே மணிக்குச் சுமார் 40 மி.மீ. தண்ணீர் விடும், ரோட்டர் 10 முதல் 15 மட்டுமே, இரண்டும் ஒரே நேரம் ஓடினால் ஒன்று மூழ்கும், ஒன்று காயும். மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ரோட்டர் கால் வட்டம் சுற்றினாலும் முழு வட்டம் சுற்றினாலும் அதே நாசிலில் அதே தண்ணீர்தான் வரும், ஆகவே மூலையில் கால் வட்டம் சுற்றுவது அந்தச் சின்ன இடத்துக்கு நான்கு மடங்கு ஊற்றுகிறது. கால் வட்டத்துக்கு 1 பங்கு நாசில் போட்டால் அரை வட்டத்துக்கு 2, முழு வட்டத்துக்கு 4 என்று கணக்கு வைத்து மாற்றுங்கள். மூலைச் சேற்றுக்கு இது பல சமயம் முழு மருந்து.

களிமண் தரையில் எவ்வளவு சமமாக விட்டாலும் ஓடி வழியும். 15 நிமிடத்தை மூன்று ஐந்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் அரை மணி விட்டு ஓடவிடுங்கள், மண் குடிக்க நேரம் கிடைக்கும்.

நின்றதும் குழாய் 'டம்' என்று இடிக்கிறது

வேகமாக ஓடும் தண்ணீரை வால்வு சட்டென்று நிறுத்துகிறது. நீரோட்டத் திருகை இறுக்கி வேகத்தைக் குறையுங்கள். வீட்டுக்கு வரும் அழுத்தம் 5.5 பாரைத் தாண்டினால் மெயினில் அழுத்தக் குறைப்பான் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் இன்று சத்தம், நாளை உடைந்த இணைப்பு.

கன்ட்ரோலர் சொன்னபடி கேட்கவில்லை

ஒரே நாளில் இரண்டு முறை, மூன்று முறை ஓடுகிறதா? கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் தொடக்க நேரங்களை எண்ணுங்கள். ஒரு புரோகிராமில் ஒரு தொடக்க நேரம் என்றால் அந்தப் புரோகிராமில் இருக்கும் எல்லா ஸோனும் வரிசையாக ஒரு முறை ஓடும். ஸோனுக்கு ஒன்று என்று நினைத்து நான்கு தொடக்க நேரம் வைத்தால் எல்லாமே நான்கு முறை ஓடும். ஏ, பி, சி புரோகிராம்கள் மூன்றிலும் பழைய நேரங்கள் ஒளிந்திருக்கலாம், மூன்றையும் அழித்துவிட்டு ஒன்றில் மட்டும் புதிதாகப் போடுங்கள். திரையே இருண்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் முனையில் ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். 24 முதல் 28 வரை இருக்க வேண்டும். இருந்தால் ஃபியூஸைப் பாருங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கிறது. ஃபியூஸ் மாற்றியதும் மீண்டும் போனால் ஏதோ ஒரு சோலனாய்டு ஷார்ட், எல்லா ஒயரையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிக் கண்டுபிடியுங்கள். எல்லாம் சரி, ஆனால் எதுவுமே ஓடவில்லை என்றால் மழை சென்சாரை மறக்காதீர்கள், அதைத் தற்காலிகமாக விலக்கிவிட்டுப் பாருங்கள்.

தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் பித்தளைக் கருவி தரைக்கு மேல் நிற்கும். தொடங்கும்போது ஒரு நொடி துப்பினால் பரவாயில்லை. தொடர்ந்து சொட்டினால் உள்ளே இருக்கும் தட்டோ ரப்பரோ போயிருக்கிறது, குளிர்காலத்தில் உறைந்த ஊர்களில் மூடியே வெடித்திருக்கும். இதை மட்டும் அடைத்து மூடியோ, வெட்டி எடுத்தோ சமாளிக்காதீர்கள், வீட்டில் குடிக்கும் தண்ணீர் இதை நம்பி இருக்கிறது.

சரி, இப்போது மேம்படுத்தலாம்

பழுதெல்லாம் தீர்ந்த பிறகுதான் இது. நிறையப் பேர் முதலில் ஸ்மார்ட் கன்ட்ரோலரை வாங்குகிறார்கள், நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். வானிலையைப் பார்த்து எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்று அது சரியாகக் கணக்கிடும், ஆனால் சாய்ந்த தெளிப்பானை நிமிர்த்தாது, கிழிந்த டயஃப்ரத்தை ஒட்டாது. பகிர்வு 0.4-இல் கிடக்கும் ஸோனில் அதை மாட்டினால் பயன் கொஞ்சம்தான்.

முதலில் நாசில். பழைய ஸ்ப்ரே உடம்பிலேயே சுழலும் நாசில்களை மாட்டலாம், மரை பெரும்பாலும் ஒத்துப்போகும். இவை மணிக்குச் சுமார் 10 மி.மீ. மட்டும் விடுவதால் மண் குடிக்கும் வேகத்துக்கு ஒத்துவரும், பெரிய துளிகளாக வருவதால் காற்றில் பறக்காது, ஸோனின் தேவையும் சரிபாதிக்குக் கீழே இறங்கும். பிரஷர் இல்லாத பழைய ஸோன் இந்த ஒரு மாற்றத்திலேயே உயிர் பெறுவதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. இரண்டு நிபந்தனை: ஸோனில் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஓடும் நேரத்தை மூன்று நான்கு மடங்கு கூட்ட வேண்டும். நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டு "இந்த நாசில் சரியில்லை" என்று திட்டுகிறவர்கள் உண்டு. இவற்றுக்கு ஏற்ற அழுத்தம் சுமார் 2.8 பார், 40 பிஎஸ்ஐ. உடம்பையும் மாற்றுவதாக இருந்தால் அந்த அளவுக்கு அழுத்தம் கட்டுப்படுத்தி, அடியில் தடுப்பு வால்வும் உள்ளதாக வாங்குங்கள், புகையும் வடிகாலும் ஒரே அடியில் தீரும்.

உடம்பை மாற்றும்போது கீழே இருக்கும் விறைப்பான பிவிசி நிமிர்குழாயை எடுத்துவிட்டு வளையும் குழாய் இணைப்பைப் போடுங்கள். வண்டிச் சக்கரமோ புல்வெட்டும் இயந்திரமோ ஏறினால் தெளிப்பான் வளைந்து கொடுக்கும், கீழே இருக்கும் டீ வடிவக் குழாய் இணைப்பு உடையாது. பூச்செடி, புதர் இருக்கும் ஸோனைச் சொட்டுநீருக்கு மாற்றலாம், ஃபில்டரும் அழுத்தக் குறைப்பானும் சேர்த்துப் போட வேண்டும்.

கடைசியாகக் கன்ட்ரோலர். பழையதைக் கழற்றும் முன் ஒயர்கள் மாட்டியிருக்கும் நிலையில் தெளிவாக ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். மாஸ்டர் வால்வு அல்லது பம்ப் முனையில் ஒயர் இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது தவறிப்போனால் எந்த ஸோனிலும் தண்ணீர் வராது. பெரும்பாலான புதியவையும் அதே 24 வோல்ட்தான், பழைய ஒயரும் வால்வும் அப்படியே ஒத்துப்போகும். மண் வகை, சரிவு, நாசில் வகை என்று அது கேட்கும் கேள்விகளுக்கு முன்னிருப்பை ஏற்றுக்கொண்டு தாண்டிப் போகாமல், டப்பா வைத்து அளந்த மில்லிமீட்டர் கணக்கையே உள்ளிடுங்கள். முதல் நாள் நடந்து எழுதிய தாளையும், வால்வுப் பெட்டிகள் இருக்கும் இடத்தைச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்த படத்தையும் கன்ட்ரோலர் பெட்டியின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.